ஆங்கிலக் கவிதையின் நான்கு பருவங்களைச் சென்னை மாணவர்களுக்கு எப்படி நடத்துவது?

அடையாறு ஆசிரியை (கேள்வி):
சென்னைக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு ஆங்கில இலக்கிய மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். ஷேக்ஸ்பியரின் 18ஆம் சானெட்டை (பதினான்கு வரிக் கவிதை) தொடங்கும்போதெல்லாம் வகுப்பில் சிரிப்பு எழுகிறது. அன்புக்குரியவரைக் கோடை நாளோடு ஒப்பிடட்டுமா என்று கவிஞர் கேட்பது, கத்திரி வெயிலில் பேருந்துக்குக் காத்து நின்று பழகியவர்களுக்கு வசையாகவே படுகிறது. கையேடுகளோ, வசந்தம் பிறப்பு, கோடை இளமை, இலையுதிர்காலம் முதுமை, குளிர்காலம் மரணம் என்று ஒரு வாய்பாட்டைத் தந்து முடித்துக்கொள்கின்றன. கவிதைகளையும் நாடகங்களையும் ஊன்றிப் படிக்கையில் அந்த வாய்பாடு எவ்வளவு தூரம் செல்லும்? நம் பெரும்பொழுதுகளோடு, அதாவது சங்க இலக்கியத்தின் ஆறு பருவங்களோடு, ஒப்பிட்டு நடத்தினால் தெளிவு பிறக்குமா, குழப்பம் மிகுமா?

பழைய நாடக ரசிகர்:
அம்மா, முதலில் வெப்பத்தை விட்டுவிட்டு வெளிச்சத்திலிருந்து தொடங்குங்கள். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். லண்டனிலோ ஜூன் இறுதியில் பகல் பதினாறு மணி நேரத்தைத் தாண்டும்; டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட நிறையாது. அந்த இருளில் ஆறு மாதம் கழித்தவருக்குக் கோடை எப்படி இருந்திருக்கும் என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள். மேலும், அந்தச் சானெட் கோடையைப் பாராட்டுவதோடு நிற்கவில்லை. மே மாத அரும்புகளைக் காற்று அலைக்கழிக்கிறது, சூரியன் சில வேளை மிகையாகச் சுடுகிறது, கோடையின் குத்தகைக் காலமும் குறுகியது என்று குறைகளை அடுக்கி, தாம் முன்வைத்த ஒப்புமையைக் கவிஞரே தள்ளிவிடுகிறார். உங்கள் மாணவர்களின் சிரிப்பில் பாதி நியாயம் இருக்கிறது.

வாய்பாடு பெரிதும் உடைவது நாடகத்தில்தான். ஷேக்ஸ்பியரின் 'மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' இரண்டாம் அங்கத்தில், தனக்கும் தேவதைகளின் அரசனான தன் கணவன் ஓபெரானுக்கும் மூண்ட பூசலால் ஆறுகள் கரையுடைத்தன, பயிர் முற்றுமுன் அழுகியது, ரோஜாவின் மடியில் உறைபனி விழுகிறது, பருவங்கள் ஆடை மாற்றிக்கொண்டதால் எது எதுவென்று உலகுக்கே தெரியவில்லை என்கிறாள் தேவதைகளின் அரசி டைட்டானியா. 1590களின் நடுவில் இங்கிலாந்தில் அடைமழையும் விளைச்சல் வீழ்ச்சியும் தொடர்ந்ததால், அரங்கில் நின்றவர்களுக்கு அது வெறும் தேவதைக் கதையாக ஒலித்திருக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட நகரத்துப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

அவருடைய 'தி வின்டர்ஸ் டேல்' நாடகம் இன்னும் நுட்பமானது. குளிர்காலத்துக்குச் சோகக் கதையே பொருத்தம் என்று சிறுவனான இளவரசன் மமிலியஸ் சொல்கிறான். விரைவில் அவனே இறந்துபோகிறான். பின்னர் காலமே ஒரு பாத்திரமாக மேடையேறிப் பதினாறு ஆண்டுகளைத் தாண்டவைக்க, ஆட்டு மயிர் கத்தரிக்கும் விழாவில் மலர்களோடு அவன் தங்கை பெர்டிட்டா வருகிறாள். இறந்ததாக நம்பப்பட்ட தாயும் மகளும் திரும்பக் கிடைக்கிறார்கள், மமிலியஸ் மட்டும் திரும்புவதில்லை. குளிர் போனால் வசந்தம் வரும் என்ற ஆறுதலை இந்த நாடகம் முழுமையாகத் தர மறுக்கிறது. என் கணிப்பில் அதன் வலிமையே அதுதான்.

சங்கப் பித்தர்:
பெரும்பொழுதுகளோடு ஒப்பிடுங்கள், ஆனால் ஆறையும் நான்கையும் பட்டியலிட்டுக் கோடு போட்டு இணைக்க வேண்டாம். முல்லைக்கு உரியது கார். அது தலைவன் திரும்பி வருவதாகச் சொல்லிச் சென்ற தவணை. குறுந்தொகை 66ஆம் பாடலில் கொன்றை பூத்துவிட்டது; தலைவன் வரவில்லை. இது காலமல்லாக் காலத்து மழை, இதை நம்பிப் பூத்த கொன்றைதான் பேதை என்று தோழி தேற்றுகிறாள். ஆக, நம்மிடம் பருவம் இருவருக்கு இடையிலான ஒப்பந்தமாக நிற்கிறது. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் ஒருவருடைய ஆயுளை அளக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை நடத்தினாலே போதும். (நெய்தலுக்கு ஆறு பொழுதும் உரியவை என்பது பிற்கால இலக்கணம். கடற்கரை நகரத்தாராகிய நமக்கு வசதியான விதி!)

கோட்டூர்புரம் வாசகி:
இலையுதிர்காலத்துக்கு 1819ஆம் ஆண்டே போதும். அவ்வாண்டு செப்டம்பர் 19 அன்று வின்செஸ்டரில் உலாவித் திரும்பிய ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் தமது இலையுதிர்காலப் பாடலை எழுதினார். அடுத்த மாதம் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் அருகே மற்றோர் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி மேற்குக் காற்றைப் பாடினார். ஷெல்லிக்கு உதிர்ந்த சருகுகள் வரப்போகும் வசந்தத்தின் முன்னறிவிப்பு. அவர் பார்வை முழுவதும் எதிர்காலத்தில். கீட்ஸோ வசந்தத்தின் பாடல்களை நினைக்காதே, உனக்கும் இசை உண்டு என்று அந்தப் பருவத்திடமே சொல்லிவிட்டு, கொசுக்களின் முனகல், ஆடுகளின் குரல், புறப்படத் திரளும் தகைவிலான்களின் கீச்சொலி என்று கேட்டதையெல்லாம் குறித்துக்கொள்கிறார். பாதி அறுத்த சாலில் இலையுதிர்காலம் கதிர் அரிவாளோடு உறங்குகிறது. முதுமையைக் குறித்த புலம்பல் அங்கே இல்லை. எனக்குக் கீட்ஸே மேல்; குளிர்காலம் வந்தால் வசந்தம் வெகுதொலைவிலா இருக்கும் என்ற ஷெல்லியின் கடைசி வரி மேடைப்பேச்சுகளில் தேய்ந்துபோனதும் ஒரு காரணம்.

அடையாறு ஆசிரியை:
மூவருக்கும் நன்றி. டைட்டானியாவின் பேச்சை முதலில் வைத்து, சானெட்டைப் பிறகு எடுக்க எண்ணுகிறேன். ஆனால் பல்கலைக்கழகத் தேர்வில் திருத்துபவர் அந்த வாய்பாட்டையே எதிர்பார்த்தால் மாணவர்கள் என்ன செய்வது?

பழைய நாடக ரசிகர்:
முதல் பத்தியில் வாய்பாட்டை எழுதட்டும், அதற்குரிய மதிப்பெண் கிடைத்துவிடும். இரண்டாம் பத்தியில் மமிலியஸை வைத்து அதை மறுக்கட்டும். மேற்கோள் இரண்டு வரி துல்லியமாக இருந்தால் எந்தத் திருத்துநரும் குறைக்க மாட்டார்.