கோல்டன் ஸ்பைக்ஸா, டிக் ஹவுசரா? கல்லூரி பேஸ்பால் விருதுகளில் எதைப் பெரிதாக எடுத்துக்கொள்வது?

ஒமாஹா பிரியன்:

எல்லோருக்கும் வணக்கம். மேஜர் லீக் (அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால்) ரொம்ப நாளாகப் பார்க்கிறேன், ஆனால் கல்லூரி பேஸ்பாலை விடாமல் பார்க்க ஆரம்பித்தது 2023-ல்தான். ஆட்டம் பிடிபட்டுவிட்டது, விருதுகள்தான் இன்னும் குழப்புகின்றன. அந்த வருடம் எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணியில் பேட்டர் டிலன் க்ரூஸ், பிட்சர் (பந்து வீசுபவர்) பால் ஸ்கீன்ஸ் என்று இரண்டு பேர் இருந்தார்கள். க்ரூஸுக்கு கோல்டன் ஸ்பைக்ஸ் கிடைத்தது, ஸ்கீன்ஸுக்கு டிக் ஹவுசர் டிராபி. இரண்டு விருதையுமே "நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்" விருது என்றுதான் எழுதுகிறார்கள். ஒரே அணி, ஒரே சீசன், எப்படி இரண்டு பேர் முதலிடத்தில் இருக்க முடியும்? இதில் எதற்கு மதிப்பு அதிகம்?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். பயிற்சியாளருக்கான விருது ஒன்று மைக் மார்ட்டின் பெயரில் இருக்கிறது. தேடிப் பார்த்தால் அவர் ஒரு முறைகூட தேசிய சாம்பியன்ஷிப் ஜெயித்ததில்லை. ஐந்து முறை ஜெயித்தவர்களெல்லாம் இருக்கும்போது ஏன் அவர்? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

புல்பென்:

முதல் கேள்விக்கு, யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கோல்டன் ஸ்பைக்ஸ் 1978-லிருந்து இருக்கிறது, கொடுப்பது யுஎஸ்ஏ பேஸ்பால், அதாவது அமெரிக்காவில் தொழில்முறை அல்லாத பேஸ்பாலைக் கவனிக்கும் அமைப்பு. ஓட்டுப் போடுவது பத்திரிகையாளர்கள், தொழில்முறை அணிகளில் இருக்கும் சிலர், முன்பு விருது வாங்கியவர்கள், கூடவே ரசிகர்களுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. டிக் ஹவுசர் 1987-ல் ஆரம்பித்தது, அதைத் தேர்ந்தெடுப்பது கல்லூரி பேஸ்பால் எழுத்தாளர்கள் சங்கம், வருடம் முழுக்க இந்த ஆட்டங்களையே பின்தொடர்ந்து எழுதுகிறவர்கள். இது போக பேஸ்பால் அமெரிக்கா இதழ் தன் பங்குக்கு ஒருவரைச் சொல்லும், பயிற்சியாளர்கள் சங்கம் ஒருவரைச் சொல்லும். ஆள் வேறு, ஓட்டு வேறு, முடிவும் சில வருடம் வேறாகத்தான் வரும்.

பலர் கவனிக்காத ஒரு வித்தியாசம் உண்டு. கோல்டன் ஸ்பைக்ஸ் பெரிய பல்கலைக்கழக வீரர்களுக்கு மட்டுமான விருது இல்லை, தொழில்முறைக்குப் போகாத எந்த வீரருக்கும் தரலாம். பிரைஸ் ஹார்ப்பர் அதை 2010-ல் வாங்கியபோது 17 வயது, ஆடியது சதர்ன் நெவாடா கல்லூரியில், அது இரண்டு வருடப் படிப்புள்ள ஜூனியர் காலேஜ். பள்ளிப் படிப்பை சீக்கிரமே முடித்துவிட்டு மரப் பேட் பயன்படுத்தும் லீக்கில் ஆட வேண்டும் என்றே அங்கே போனார், 31 ஹோம்ரன் (பந்தை வேலிக்கு மேல் தூக்கி அடிப்பது) அடித்தார்.

ஒத்துப்போன வருடங்களும் நிறைய. 2008-ல் பஸ்டர் போஸி இரண்டையும் வாங்கினார், 2021-ல் கெவின் காப்ஸ், 2022-ல் ஐவன் மெலண்டெஸ், 2024-ல் சார்லி காண்டன். 2020-ல் கொரோனாவால் சீசனே பாதியில் நின்றுபோக, கோல்டன் ஸ்பைக்ஸ் கொடுக்கவே இல்லை.

2023-க்கு என் ஓட்டு க்ரூஸுக்குத்தான். .426 பேட்டிங் சராசரி, 18 ஹோம்ரன், அணி ஆடிய 71 ஆட்டத்திலும் எப்படியாவது பேஸுக்குப் போயிருக்கிறார். ஸ்கீன்ஸ் வாரத்துக்கு ஒரு நாள் வந்து எதிரணியை அடக்கினார், சரி, மிச்ச நாட்களில் யார் ஆடினார்கள்?

மூன்றாம் பேஸ்:

புல்பென் அண்ணா சொன்ன விவரமெல்லாம் சரி, தீர்ப்பு மட்டும் எனக்கு ஒப்பவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் என்று சொல்லிவிட்டால் பிட்சருக்கு எந்தக் காலத்திலும் விருது கொடுக்க முடியாது. ஸ்கீன்ஸ் அந்த சீசனில் எடுத்த ஸ்ட்ரைக்அவுட் (பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது) 209, எல்எஸ்யு ஆடும் எஸ்இசி லீக்கின் வரலாற்றிலேயே அதுதான் அதிகம். அதற்கு முன் 202 என்று 1989-ல் வைத்தவர் பென் மெக்டொனால்ட், அவரும் எல்எஸ்யுதான், அவருக்கு அந்த வருட கோல்டன் ஸ்பைக்ஸ் கிடைத்தது. அப்படியானால் அந்த சாதனையை உடைத்தவருக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்பதுதான் என் கேள்வி. இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் விட்டுக்கொடுக்கும் சராசரி ரன்) 1.69, வென்றது 13, தோற்றது 2.

எண்ணிக்கையை விடுங்கள், 2023 ஜூன் 22 ஆட்டத்தை ஒரு தடவை முழுசாகப் பாருங்கள். தேசிய சாம்பியன்ஷிப்பின் கடைசிக் கட்டம் நடக்கும் ஒமாஹாவில், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக அணியுடன், ஜெயித்தவர்கள் இறுதிக்குப் போவார்கள், தோற்றவர்கள் வீட்டுக்கு. ஒரு பக்கம் ஸ்கீன்ஸ், மறுபக்கம் ரெட் லௌடர், இரண்டு பேருமே அந்த வருடமே டிராஃப்டில் (மேஜர் லீக் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) முதல் சுற்றில் போனவர்கள். ஸ்கீன்ஸ் 8 இன்னிங்ஸ் போட்டு வெறும் 2 ஹிட் கொடுத்தார், ஒரு ரன் கூட இல்லை, எட்டாவது இன்னிங்ஸிலும் பந்து மணிக்கு நூறு மைல் வேகத்துக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் லௌடரும் விடவில்லை. 10 இன்னிங்ஸ் முடிந்தும் 0-0. பதினோராவதில் க்ரூஸ் ஒரு சிங்கிள் அடித்து முதல் பேஸில் நிற்க, டாமி வைட் வந்த முதல் பந்தையே இடது பக்க வேலிக்கு மேல் தூக்கிவிட்டார், 2-0, ஆட்டம் முடிந்தது. ஸ்கீன்ஸ் இறுதிப் போட்டியில் ஒரு பந்து கூட வீசவில்லை, இருந்தும் தொடரின் சிறந்த வீரர் அவர்தான்.

அந்த ஆட்டத்தைப் பார்த்த பிறகு எனக்கு வேறு யாருக்கும் ஓட்டுப் போட மனம் வராது. அப்புறம் டிராஃப்டில் ஸ்கீன்ஸ் முதல் ஆள், க்ரூஸ் இரண்டாவது, ஒரே கல்லூரி அணியிலிருந்து முதல் இரண்டு இடமும் போனது அதுவே முதல் தடவை.

இடது தோள்:

இரண்டு பேரும் சண்டை போடுவதைப் படிக்க நன்றாக இருக்கிறது. இந்த வாதம் 2023-ல் ஆரம்பித்ததில்லை. 1985-ல் ஓக்லஹோமா ஸ்டேட்டின் பீட் இன்கவிலியா ஒரே சீசனில் 48 ஹோம்ரன் அடித்தார், இன்றுவரை யாராலும் அதைத் தொட முடியவில்லை. அந்த வருட கோல்டன் ஸ்பைக்ஸ் போனது மிசிசிப்பி ஸ்டேட்டின் வில் கிளார்க்குக்கு. நாற்பது வருடம் ஆகியும் ஓக்லஹோமா பக்கத்து ஆட்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் கோபம் வரும்.

எனக்கு அந்தப் பட்டியலில் மிகவும் பிடித்த பெயர் 1987-ன் ஜிம் ஆபட், மிச்சிகன் பல்கலைக்கழகம். பிறவியிலேயே வலது கை விரல்கள் இல்லை. கையுறையை வலது முன்கையின் நுனியில் தொங்கவிட்டபடி இடது கையால் பந்தை வீசுவார், பந்து கையை விட்ட அதே கணத்தில் இடது கையைக் கையுறைக்குள் நுழைத்துவிடுவார். பந்து தன் பக்கம் திரும்பி வந்தால் பிடித்து, கையுறையை மார்போடு அணைத்து, உள்ளிருந்து பந்தை உருவி முதல் பேஸுக்கு எறிவார். இதெல்லாம் கண்ணிமைக்கும் நேரம். எதிரணிகள் அவரை நோக்கி பன்ட் (பந்தை மெதுவாகத் தட்டிவிடுவது) அடித்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. பிறகு மைனர் லீக்கே ஆடாமல் நேராக மேஜர் லீக் போனார், 1993-ல் யாங்கீஸ் சட்டையில் நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) போட்டார். பரிதாபப்பட்டு யாரும் அவருக்கு அந்த விருதைக் கொடுக்கவில்லை, அந்த வருடத்து பேட்டர்களைக் கேட்டால் தெரியும்.

டக்அவுட் ஓரம்:

நான் பயிற்சியாளர் கேள்விக்கு வருகிறேன், அது இங்கே அப்படியே கிடக்கிறது.

மைக் மார்ட்டின் ஃபுளோரிடா ஸ்டேட்டில் 1980 முதல் 2019 வரை 40 சீசன். நாற்பதிலும் அணி என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுகளைக் கவனிக்கும் அமைப்பு) நடத்தும் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது, ஒரு வருடம்கூடத் தவறவில்லை. 2,029 வெற்றி, கல்லூரி பேஸ்பாலில் யாருக்கும் அவ்வளவு இல்லை, ஐந்து முறை சாம்பியன்ஷிப் ஜெயித்த ஆகி கரிடோவின் கணக்கையும் 2018-ல் தாண்டிவிட்டார். ஒமாஹாவுக்கு மட்டும் 17 தடவை அணியைக் கூட்டிப் போனார், பதினேழு தடவையும் கோப்பை இல்லாமல் திரும்பினார். 2024 பிப்ரவரியில் காலமானார்.

கல்லூரி அணியில் நல்ல ஆட்டக்காரன் மூன்று வருடம் இருப்பான், பிறகு டிராஃப்டில் போய்விடுவான். வருடா வருடம் பதினெட்டு வயதுப் பையன்களைப் புதிதாகக் கொண்டுவந்து, சிதறாமல், நாற்பது வருடம் ஒரே தரத்தில் வைத்திருப்பது எப்படிப்பட்ட வேலை என்று ஏதாவது ஒரு அணியின் கதையை எடுத்துப் பார்த்தால் தெரியும். ஜூன் மாதத்தில் இரண்டு வாரம் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதுதான் ஒமாஹா. சாம்பியன்களைப் பாராட்ட வேறு விருதுகள் இருக்கின்றன. எல்எஸ்யுவுக்கு ஐந்து கோப்பை வாங்கித் தந்த ஸ்கிப் பெர்ட்மன் பெயரிலேயே ஒன்று உண்டு. எழுத்தாளர்கள் சங்கம் தன் விருதுக்கு மார்ட்டின் பெயரை வைத்ததில் எனக்கு முழு சம்மதம்.

இன்னொரு சங்கதி. டிக் ஹவுசர் டிராபியில் இருக்கும் அந்த ஹவுசரும் ஃபுளோரிடா ஸ்டேட் ஆள்தான். அங்கே ஆடினார், 1979-ல் ஒரு சீசன் பயிற்சியாளராகவும் இருந்தார், அவர் போன பிறகு வந்தவர்தான் மார்ட்டின். ஹவுசர் கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் மேலாளராக 1985 உலகத் தொடரை ஜெயித்தார். அடுத்த வருடமே மூளையில் கட்டி என்று தெரிந்தது, 1987 ஜூனில் இறந்துபோனார், வயது 51. டிராபி அதே வருடம் ஆரம்பித்தது. இன்று அங்கே மைதானத்தின் பெயரில் இரண்டு பேருமே இருக்கிறார்கள், டிக் ஹவுசர் ஸ்டேடியம், அதில் மைக் மார்ட்டின் ஃபீல்ட்.

பஸ்டர் போஸி அங்கே மார்ட்டினிடம் ஆடியவர். 2008-ல் ஒரே ஆட்டத்தில் ஒன்பது இடத்திலும் அவரை ஆடவைத்தார் மார்ட்டின், போஸி பந்தும் வீசினார், நடுவில் ஒரு கிராண்ட் ஸ்லாமும் (மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது வரும் ஹோம்ரன்) அடித்தார். அந்த வருடம் சிறந்த கேட்சருக்கான ஜானி பெஞ்ச் விருது அவருக்கு. இப்போது அதே விருதுக்கு பஸ்டர் போஸி விருது என்று பெயர், 2019-ல் மாற்றினார்கள், முதலில் வாங்கியது ஆட்லி ரட்ச்மன். இப்போது போஸி சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் நிர்வாகத்தில் இருக்கிறார், 2025 அக்டோபரில் டென்னசி பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டோனி விடெல்லோவை நேராக மேலாளராகக் கொண்டுவந்தார். தொழில்முறை அணி எதிலும் பயிற்சியாளராக இருந்ததே இல்லாத ஒருவரை நம்பி அந்த இடத்தைக் கொடுத்தார் என்றால், கல்லூரியில் நல்ல பயிற்சியாளர் என்ன செய்வார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஒமாஹா பிரியன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மார்ட்டின் பற்றிய பதிலைப் படித்த பிறகு நானும் டக்அவுட் ஓரம் பக்கம்தான். கடைசியாக ஒரு கேள்வி: விருது வாங்கியவர்கள் மேஜர் லீக்கிலும் ஜொலிப்பார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

புல்பென்:

எடுத்துக்கொள்ளாதீர்கள். 2000-ல் கோல்டன் ஸ்பைக்ஸ் வாங்கியது சவுத் கரோலினாவின் கிப் பௌக்நைட், அவர் மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அதே வருடம் ஹவுசர் வாங்கிய மார்க் டெய்ஷெய்ரா 409 ஹோம்ரன் அடித்தார். ஆனால் பௌக்நைட்டுக்குத் தவறாகக் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன், அந்தக் கல்லூரி சீசனில் வென்றது 17, தோற்றது 1, விருது அதற்குத்தான்.

இதே கணக்குதான் அர்கன்சாவின் கெவின் காப்ஸுக்கும். 24 வயது, கல்லூரியில் ஆறாவது வருடம், நடுவில் முழங்கையில் அறுவை சிகிச்சை, ரிலீவர் (ஆட்டத்தின் நடுவில் வந்து வீசும் பிட்சர்) வேறு. ரிலீவருக்கு இந்த விருது வரும் என்று 2021-க்கு முன் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். இஆர்ஏ 0.90. ஒமாஹாவுக்கு முந்தைய சுற்றான சூப்பர் ரீஜனலின் கடைசி ஆட்டத்தில் வேறு வழியில்லாமல் அவரையே முதல் பந்திலிருந்து இறக்கினார்கள், எட்டு இன்னிங்ஸ் தாக்குப்பிடித்தார், ஒன்பதாவதில் ஒரு ஹோம்ரன், 3-2 என்று தோற்று ஒமாஹா போகாமலேயே சீசன் முடிந்துபோனது. இருந்தும் இரண்டு விருதும் அவருக்கே வந்தன.

மூன்றாம் பேஸ்:

காப்ஸ் விஷயத்தில் அண்ணாவோடு முழுக்க ஒத்துப்போகிறேன். வாரத்துக்கு ஒரு நாள் கணக்கு அவருக்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரே வார இறுதியில் இரண்டு, மூன்று முறை வந்து வீசுவார். ஸ்கீன்ஸ் பற்றி மட்டும் என் கருத்து மாறாது. அவர் மேஜர் லீக்கில் வாங்கிய 2025 நேஷனல் லீக் சை யங் விருதை (சிறந்த பிட்சருக்கானது) காரணம் காட்ட மாட்டேன், அது வேறு கணக்கு. அந்த ஜூன் 22 ஆட்டம் போதும்.