புதுப்பிப்பு: பரஸ்பர சம்மத விவாகரத்து, இரண்டாவது மோஷன்

முந்தைய பதிவில் ‘ஆறு மாதம் கழித்து இரண்டாவது மோஷன்’ (கணவனும் மனைவியும் சேர்ந்து விவாகரத்துத் தீர்ப்புக் கேட்கும் இரண்டாவது கட்டம்) என்று மட்டும் எழுதியிருந்தேன். அது போதாது. இந்து திருமணச் சட்டம் 13பி(2)-ன்படி, முதல் மனு தாக்கலான தேதியிலிருந்துதான் அந்த ஆறு மாதத்தை எண்ண வேண்டும். வாக்குமூலம் கொடுத்த நாளிலிருந்து அல்ல. அதே தேதியிலிருந்து 18 மாதத்துக்குள் இரண்டாவது மோஷன் போட்டுவிடுங்கள்.

இந்த ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம் (உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2017). அதற்கு, முதல் மனுவுக்கு முன்பே ஒன்றரை வருடம் பிரிந்திருக்க வேண்டும், சமரசம் பலிக்காமல் போயிருக்க வேண்டும், ஜீவனாம்சமும் குழந்தை விஷயமும் பேசி முடிந்திருக்க வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் பணத்தில்தான். தீர்ப்புக்கு முன் இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். அதனால் ஜீவனாம்சத்தின் கடைசித் தவணை டி.டி.யை (வங்கி வரைவோலை) இரண்டாவது மோஷன் அன்று நீதிபதி முன்னிலையில் கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். டி.டி. மூன்று மாதம்தான் செல்லும். வாய்தா தள்ளிப்போனால் தேதியைப் பாருங்கள்.