தி ரூட்ஸின் ‘ஆர்கானிக்ஸ்’: முதன்முதலில் கேட்ட அனுபவம் உங்களுக்கு எப்படி?

ஹிப் ஹாப் குழுவான தி ரூட்ஸை நான் பின்னாலிருந்து முன்னால் கேட்டவன். அமெரிக்க டிவியில் ஜிம்மி ஃபேலன் நிகழ்ச்சியில் ஓரமாக நின்று வாசிக்கிற குழு என்றுதான் முதலில் தெரியும். அங்கிருந்து 1999இல் வந்த ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’, அப்புறம் 1995 ஆல்பம், கடைசியில்தான் 1993இல் வந்த இந்த முதல் ஆல்பம். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. ஜெர்மனிக்குக் கச்சேரிக்குப் போகும்போது விற்கக் கையில் ஏதாவது வேண்டுமே என்று தாங்களே போட்டது. கெஃபன் இசைத்தட்டுக் கம்பெனி இவர்களைத் தேடி வந்தது இதற்குப் பிறகுதான்.

முதல் பத்து நிமிடம், “என்னடா இது, ஒத்திகையை அப்படியே பதிவு செய்துவிட்டார்களா?” என்றிருந்தது. ஹெட்போனில் மறுபடி கேட்டபோதுதான் பிடிபட்டது. அன்றைய ஹிப் ஹாப் பெரும்பாலும் பழைய இசைத்தட்டிலிருந்து சில வினாடிகளை வெட்டி, அதையே சுற்றிச் சுற்றி ஓட விடும். லூப்புக்குக் களைப்பும் கிடையாது, குஷியும் கிடையாது. இங்கே குவெஸ்ட்லவ் டிரம்ஸில் உட்கார்ந்திருக்கிறார். ராப் பாடுகிற பிளாக் தாட் ஒரு வரியை இழுத்தால் அடி அவருக்காகக் கொஞ்சம் காத்திருப்பதுபோல் இருக்கிறது. பேஸ் வாத்தியம் நடுவில் வேறு வழியில் இறங்கிவிட்டுத் திரும்பி வருகிறது. ராப் பாடுகிறவரும் வாசிக்கிறவர்களும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே போகிறார்கள்.

இன்னொரு விஷயம். ராப் பாடகர் பிஸ் மார்க்கி மீதான வழக்கில் 1991இல் நியூயார்க் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, அனுமதி வாங்காமல் இப்படிப் பழைய பாட்டிலிருந்து வெட்டி எடுப்பது (சாம்பிள்) ஆபத்தாகிவிட்டது. அனுமதி வாங்கப் போனால் செலவு. கையில் காசில்லாத குழுவுக்குத் தானே வாசிப்பது எவ்வளவு பெரிய வசதி, யோசித்துப் பாருங்கள்.

*

வேலை விஷயமாகக் கொஞ்ச காலம் பிலடெல்பியாவில் இருந்தேன். கூட வேலை பார்த்த உள்ளூர்க்காரர் ஒருவர்தான் காரில் இதைப் போட்டார். சவுத் ஸ்ட்ரீட்டில் வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்ததில் பாதி ஆல்பம் முடிந்துவிட்டது (அங்கே போனவர்களுக்குத் தெரியும்). குவெஸ்ட்லவ்வும் பிளாக் தாட்டும் அந்த ஊர்க் கலைப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். இந்தத் தெருவில்தான் ஒருவர் வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு அடிக்க, இன்னொருவர் ராப் பாடுவாராம். அப்போது குழுவுக்கு ஸ்கொயர் ரூட்ஸ் என்று பெயர். உள்ளூரில் வேறொரு குழுவுக்கும் அதே பெயர் இருந்ததால் ‘ஸ்கொயர்’ போய்விட்டது.

தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டதாலோ என்னவோ, எனக்கு அது ஒத்திகையாகத் தோன்றவில்லை. நடைபாதையில் போகிறவனைப் பிடித்து நிறுத்துகிற வாசிப்பு அது. சவுத் பிராட் தெருவில் இவர்களுக்கு இப்போது பெரிய சுவரோவியமே இருக்கிறது. போனால் பாருங்கள்.

*

எனக்கு ஒட்டவில்லை. ‘தி செஷன்’ 12 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள், பாட்டு எங்கேயும் போகவில்லை. எடிட் செய்ய ஒருவர் இருந்திருக்கலாம்.

*

மேலே சொன்னவருக்கு: அண்ணா, எடிட் செய்ய ஆள் வைத்திருந்தால் அந்தப் பாட்டே வெளியே வந்திருக்காது. கம்பெனிக்காரர் யாராவது இருந்திருந்தால் நான்கு நிமிடத்தில் முடி என்றிருப்பார். எல்லா நண்பர்களுக்கும் மைக்கைக் கொடுத்துப் பார்க்கலாம் என்ற துணிச்சல் சொந்தக் காசில் போடும்போதுதான் வரும். நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

நான் டிரம்ஸ் கற்றுக்கொண்டிருக்கிறேன். இந்த ஆல்பத்தோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தேன். கேட்க எளிதாக இருக்கிற அடிதான் கையில் வர மறுக்கிறது. வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. ஸ்னேர் டிரம்மின் அடி ஒரு மயிரிழை தாமதமாக விழ வேண்டும். விழுந்தும் தாளம் தளரக் கூடாது. டிக் டிக் என்று தாளம் காட்டும் மெட்ரோனோமை வைத்துப் பழகிய கைக்கு இது பெரிய இம்சை. குழுவின் இன்னொரு ராப் பாடகர் மாலிக் பி வரும் இடங்களில் இன்னும் கஷ்டம், அவர் வரிகளை அடிக்கு முன்னும் பின்னுமாக உருட்டுவார். 2020இல் காலமாகிவிட்டார். அவர் பங்கை இந்த ஆல்பத்தில் தனியாகக் கவனித்துக் கேட்ட வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள்.