இடப்பக்கத்து மீன்வயிறு: டீசல் மாடலும் அசல் வண்டியும், உங்கள் அனுபவம் என்ன?

டர்பனிலிருந்து, இழையைத் தொடங்கியவர்

பொன்மலை ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். வேலை டர்பனுக்கு இழுத்து வந்தது, ரயில் பைத்தியமும் கூடவே வந்துவிட்டது. நேட்டால் மெயின் லைனில் 1920களிலேயே மின்கம்பி ஏறிவிட்டது, இங்கே உட்கார்ந்துகொண்டு டீசல் மாடல் செய்கிறாயே என்று நண்பர்கள் கேலி பண்ணுவார்கள். என்ன செய்வது, எனக்கு மூக்கு நீட்டிய டீசல்தான் பிடிக்கும்.

நான் எடுத்தது தென்னாப்பிரிக்க ரயில்வேயின் 34-800 வகுப்பு டீசல் எஞ்சின். 34-200, 34-600, 34-800 மூன்றுமே இ.எம்.டி. என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஜி.டி.26எம்.சி. ரகம். முதலாவது 1971 வாக்கில் வந்தது, அடுத்தது 1974இல், கடைசியாக 1978இல் 800. பார்த்தால் கூடப் பிறந்தவர்கள் மாதிரி இருக்கும். 600க்கு ஒரு ரெசின் கிட், அதாவது ஒட்டிச் சேர்க்கிற வார்ப்புப் பாகங்கள், கிடைத்தது. உடம்பு ஒன்றுதானே, நம்பரை மாற்றினால் முடிந்தது கதை என்று 34-812 என எண் ஸ்டிக்கர் ஒட்டி, சிவப்பு அடித்து, மூக்கில் மஞ்சள் மீசையும் வரைந்து முடித்தேன். நான்கு மாத வேலை.

பக்கத்து வீட்டு அங்கிள் டீ குடிக்க வந்தார். எண்பதைத் தாண்டியவர், தாத்தா காலத்திலேயே கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். மாடலைக் கையில் எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எண்ணைப் படித்தார். அப்புறம் வண்டியைக் கவிழ்த்து இடப்பக்கத்தைப் பார்த்தார்.

"தம்பி, எண்ணூறுன்னா இந்தப் பக்கம் வயிறு தொங்கணும். இது அறுநூறு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் படங்களைத் தேடினேன். நடைபாதைக்குக் கீழே வண்டி நெடுக ஓடும் பக்கச் சட்டம் இருக்கிறதே, அது 800இல் வலப்பக்கம் நேராக இருக்கும், இடப்பக்கம் மட்டும் தடித்து, நடுவில் மீன் வயிறு போல இறங்கியிருக்கும். 200க்கும் 600க்கும் அப்படி இல்லை. அந்த ஒரு சட்டம்தான் அடையாளம்.

அங்கிளுக்கு எப்படித் தெரியும்? அந்த நிறவெறிக் காலத்தில் நம்மவர்களை டிரைவர் சீட்டில் உட்கார விட மாட்டார்கள். அவர் ஒரு ஷெட்டில் வண்டி கழுவியவர். மேலே ஏறி ஓட்டியவனுக்கு உள்ளே இருக்கிற லீவர் தெரியும், கீழே நின்று பிரஷ் போட்டவருக்கு வண்டியின் வயிறு தெரியும். அவ்வளவுதான்.

சரி, திருத்துவோம் என்று ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடு வெட்டினேன். அளவு எப்படி எடுத்தேன் என்று கேட்பீர்கள்: பக்கவாட்டில் நேராக எடுத்த ஒரு படம், முன் கப்ளரிலிருந்து (வண்டிகளை இணைக்கும் கொக்கி) பின் கப்ளர் வரை ஏறத்தாழ 19 மீட்டர் என்ற ஒரு நீளம், மிச்சமெல்லாம் விகிதக் கணக்கு. வெட்டி, ஒட்டி, புட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்து நிமிர்ந்தால் வயிறு வலப்பக்கம் தொங்குகிறது! எந்தப் பக்கம் என்று நான் பார்த்த வேறொரு படம் நீள ஹூட் (எஞ்சினை மூடும் பெட்டி) பக்கமிருந்து எடுத்தது. இடது என்றால் கேபினில் நின்று குட்டை மூக்கைப் பார்த்தபடி இடது. பிய்த்தபோது பெயின்ட்டும் கூடவே வந்தது. எண்ணைச் சுரண்டி 34-612 என்று மாற்றியிருந்தால் பத்து நிமிஷ வேலை. ஆனால் அங்கிள் முன்னால் தோற்க மனசு வரவில்லை.

நீங்கள் பட்டதையும் எழுதுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து

அண்ணா, உங்களுக்கு வயிறு, எனக்குக் கால். முதல் மாடலை எச்.ஓ.வில், அதாவது அசலில் 87இல் ஒரு பங்கான 1:87 அளவில் செய்தேன். ஓட்டியது 16.5 மி.மீ. தண்டவாளத்தில். 16.5ஐ 87ஆல் பெருக்கினால் 1435 மி.மீ., ஐரோப்பா, அமெரிக்கா தண்டவாள அகலம். நம் வண்டி ஓடுவது 1067இல். அதை 87ஆல் வகுத்தால் 12 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. ஆக என் வண்டி நாலு மில்லிமீட்டர் காலை அகட்டி நின்றது. பக்கவாட்டில் தெரியாது. முன்னால் குனிந்து பார்த்தால் வேட்டியை மடித்துக் கட்டி வாய்க்கால் தாண்டுகிறவர் மாதிரி இருக்கும்.

இப்போது 1:64க்கு மாறிவிட்டேன். அதே 16.5ஐ 64ஆல் பெருக்கினால் 1056 வருகிறது. அசலுக்கு 11 மி.மீ. தான் குறை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளமே போதும். வண்டிதான் பெரிசு, உங்கள் 34 முப்பது சென்டிமீட்டர் வரும். வீட்டில் இடம் கேட்டால் மனைவியின் முறைப்பு இலவசம்.

லெனேசியாவிலிருந்து

நான் உருவத்தில் சரியாகத்தான் இருந்தேன், சத்தத்தில் மாட்டிக்கொண்டேன்.

என்னிடம் ஒரு 34-600, ஒரு 34-000. இரண்டுக்கும் ஒரே சவுண்ட் டீகோடர், அதாவது எஞ்சின் சத்தம் எழுப்பும் சிப், போட்டேன், அமெரிக்க எஸ்.டி.40-2 டீசல் வண்டியின் ஒலிப்பதிவு. 600க்கு அது பொருந்தும், ஏனென்றால் இரண்டிலும் அதே 16 சிலிண்டர் 645 எஞ்சின், டூ ஸ்ட்ரோக், ஒரே சீராக இரைந்துகொண்டே ஏறும். ஆனால் 34-000 என்பது ஜி.இ. என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பெனியின் யு26சி. பன்னிரண்டு சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக். நின்ற இடத்தில் "டக்... டக்... டக்" என்று இருமும். ஒரு கண்காட்சியில் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் முதுகைத் திருப்பிக்கொண்டு சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான். திரும்பாமலே கேட்டான்: "அங்கிள், ரெண்டும் ஒரே வண்டியா?" அன்றிரவே டீகோடரைக் கழற்றிவிட்டேன்.

கூரையைப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும். இ.எம்.டி.யில் பின்பக்கம் வட்ட வட்டமாக ஃபேன்கள் இருக்கும். ஜி.இ.யில் ரேடியேட்டர் பகுதி இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி வெளியே பிதுங்கும். படம் மங்கலாக இருந்தால் நான் முதலில் அங்கேதான் பார்ப்பேன்.

டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து

என் அனுபவம் சின்னது. 1976ஐ வைத்து ஒரு லேஅவுட், அதாவது மாடல் ரயில் ஓடும் குட்டி ஊர், போட்டேன், கோயில், கரும்புத் தோட்டம் எல்லாம் உண்டு. அதில் ஆசைப்பட்டு 37-000 வகுப்பு டீசல் ஒன்றை விட்டேன். தம்பி மகன் வந்து, "அத்தை, அது 1981இல்தானே வந்துச்சு" என்றான். வண்டியில் குறையே இல்லை, வருஷம்தான் தப்பு. அதிலிருந்து எதைச் செய்தாலும் முதலில் ஒரு தேதியைச் சுவரில் ஒட்டிவிடுகிறேன். 1990க்குப் பிறகு என்றால் வண்டியில் ரயில்வேயின் அப்போதைய பெயரான ஸ்பூர்நெட் எழுத்து, 2007க்குப் பிறகு என்றால் டிரான்ஸ்நெட் ஃபிரெய்ட் ரயில். ஜி.இ. வண்டிகள் சிலவற்றில் கேபினுக்குப் பின்னால் ஹூட் மேல் சேணம் போட்ட மாதிரி ஃபில்டர் இருக்கும், அதுவும் பிற்பாடு ஏறியது. புதுப் பெயின்ட்டோடு வந்த நாளைக் காட்டுவதாக இருந்தால் அதை வைக்காதீர்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து, மறுபடியும்

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. ஒன்று சேர்க்கிறேன். 34-000 தேடுகிறவர்கள் நியூசிலாந்துப் பக்கமும் பாருங்கள். அவர்களுடைய டி.எக்ஸ். வகுப்பும் யு26சிதான், அதே 1067 அகலம், 1:64இல் செய்கிறவர்களும் அங்கே உண்டு. ஆனால் அப்படியே எடுத்து எண் ஒட்டிவிடாதீர்கள். சித்தப்பா பிள்ளைகள் மாதிரி, சாயல் உண்டு, முகம் வேறு.

டர்பனிலிருந்து, இழையைத் தொடங்கியவர்

போன ஞாயிற்றுக்கிழமை முடித்தேன். வயிறு இப்போது இடப்பக்கம். மேஜை விளக்கைச் சாய்த்து வைத்து, அங்கிளைக் கூப்பிட்டேன். அவர் சட்டத்தின் மேல் கட்டை விரல் நகத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாக ஓட்டினார். நடுவில் இறங்கும் இடத்தில் நகம் நின்றது.

"இப்ப எண்ணூறு" என்றார்.

நான் மூச்சு விடுவதற்குள் விரலைத் திருப்பி, சுத்தமாக இருந்த நுனியைக் காட்டினார்.

"ஆனா தம்பி, நாங்க கழுவி அனுப்பினப்பகூட இது இவ்வளவு சுத்தமா இருந்ததில்ல."

கரி, எண்ணெய்க் கறை பூசுவதில் கைதேர்ந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறும் வருகிறாராம்.