வைப்ரஃபோனில் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்புகின்றன: தவறு பெடலிலா, மோட்டாரிலா?

தூறல்:
மூன்று மாதமாக வைப்ரஃபோன் பழகுகிறேன், உலோகக் கட்டைகளை மேலட் என்ற உருண்டைத் தலைக் குச்சியால் தட்டி வாசிக்கும் கருவி. முன்பு கீபோர்டு வாசித்திருப்பதால் சுரம் தேடும் சிரமம் இல்லை. ஆனால் மெதுவான ஜாஸ் பாலட் எடுத்தால், பெடலை மிதித்தபடி வாசிக்கும்போது நாலு சுரத்துக்குள் எல்லாம் கலந்து கூழாகிவிடுகிறது, காலை எடுத்தாலோ ஒவ்வொரு சுரமும் பட்டென்று செத்துவிடுகிறது. வைப்ரஃபோன் கலைஞர்களில் மில்ட் ஜாக்சன் வாசிப்பதைக் கேட்டால் யாரோ பாடுவது போல இருக்கிறது, கேரி பர்ட்டனைக் கேட்டால் அது வேறு ஏதோ கருவி மாதிரி. மோட்டாரை எந்த வேகத்தில் வைக்க வேண்டும்?

பழைய டிரம்மர்:
முதலில் மோட்டாரை அணைத்துவிடுங்கள். அது கட்டைகளுக்குக் கீழே உள்ள குழாய்களின் வாயில் இருக்கும் தகடுகளைச் சுற்றி, திறந்து மூடி, ஒலியைக் கூட்டிக் குறைக்கிறது, அவ்வளவுதான். சுருதியை அது மாற்றுவதில்லை. 1930-இல் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஒலிப்பதிவில் வைப்ரஃபோன் வாசித்த லயனல் ஹாம்ப்டனின் அதிர்வு வேகமானது. மில்ட் ஜாக்சன் அதை நன்றாகக் குறைத்து வைத்தார். இளவயதில் கிறிஸ்தவப் பக்திப் பாட்டுக் குழுவில் பாடியவர், அந்த மெதுவான அசைவு பாடகரின் குரல் நடுக்கம் போலவே விழுகிறது. பர்ட்டன் பெரும்பாலும் மோட்டாரே போட்டதில்லை. நீங்கள் கேட்ட வித்தியாசத்தில் ஒரு பாதி இது.

நாலு மேலட்:
மறுபாதி, சுரத்தை எப்படி நிறுத்துகிறோம் என்பது. புதிதாக வருகிற எல்லோரும் அடிப்பதைத்தான் பழகுகிறார்கள், நிறுத்துவதை யாரும் பழகுவதில்லை, எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு, ஏனென்றால் இந்தக் கருவியின் அழகு முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. பெடலை விட்டால் ஃபெல்ட் பட்டை எல்லாக் கட்டைகளையும் ஒரே நேரத்தில் அமுக்கிவிடும். உங்களுக்கு வேண்டியதோ ஒரு சுரம் மட்டும் அடங்குவது. அதற்குக் கையில் இருக்கும் மேலட்தான் வழி.

இப்படிச் செய்து பாருங்கள். பெடலை மிதித்தே வைத்துக்கொண்டு இடது மேலட்டால் 'ஸி' அடியுங்கள். வலதால் 'டி' அடிக்கும் அதே நொடியில் இடது மேலட்டின் தலையை 'ஸி' கட்டைமேல் மெல்ல வைத்து அழுத்துங்கள், அடித்த சத்தம் வரக்கூடாது. 'டி' மட்டும் தனியாக நீண்டு ஒலிக்கும். அப்புறம் அதையே மாற்றி. முதல் வாரம் கை குழம்பும், விட்டுவிடாதீர்கள். பக்கத்துப் பக்கத்துச் சுரங்களைத்தான் அவசியம் அடக்க வேண்டும், 'ஸி', 'ஈ', 'ஜி' போல ஒரே கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டில்) வருபவை சேர்ந்து ஒலித்தால் நன்றாகவே இருக்கும். பர்ட்டன் கைக்கு இரண்டாக நாலு மேலட் பிடித்து, ஒரு பக்கம் கார்டு ஒலிக்க விட்டு மறுபக்கம் மெலடியைத் துண்டுபடாமல் கொண்டுபோனதற்கும் இதுதான் அடிப்படை.

இன்னொன்று, கட்டைகளைத் தாங்கும் கயிறு கட்டையைத் துளைத்துப் போகிற இடத்தில் அடிக்காதீர்கள், ஒலி மங்கிவிடும். நடுவில் அடியுங்கள், வேகமான இடங்களில் மேல் வரிசைக் கட்டைகளை (கீபோர்டின் கறுப்புக் கட்டைகள் போன்றவை) மட்டும் விளிம்பில்.

இரவு வானொலி:
நான் வாசிப்பவன் இல்லை, முப்பது வருடமாகக் கேட்பவன். மில்ட் ஜாக்சனை மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட் என்ற நால்வர் குழுவில் கேளுங்கள், ஜான் லூயிஸ் பியானோவில் இடம் விட்டு விட்டு வாசிப்பார், அந்த இடைவெளியில் ஒரு சுரம் எங்கே முடிகிறது என்பது தெளிவாகக் காதில் விழும். அப்புறம் பாபி ஹட்சர்சன், இவரும் வைப்ரஃபோன் கலைஞர். சாக்ஸஃபோன் கலைஞர் எரிக் டால்ஃபியின் 1964 'அவுட் டு லஞ்ச்' பதிவில் பியானோவே கிடையாது, அந்த இடத்தில் இவர்தான். பியானோ போல இடத்தை நிரப்பாமல், கண்ணாடிச் சில்லு போல ஒன்றிரண்டு கார்டு மட்டும் தூவுகிறார், டிரம்ஸில் பதினெட்டு வயது டோனி வில்லியம்ஸ். முதல் முறை கேட்டு எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது வீட்டில் அதிகம் சுழல்வது அதுதான்.

தூறல்:
மோட்டாரை அணைத்து இரண்டு மணி நேரம் 'ஸி', 'டி' மட்டும் வாசித்தேன். பத்தில் மூன்று முறை சரியாக விழுந்தது. ஆனால் அடக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வருகிறதே?

நாலு மேலட்:
மேலட்டை மேலிருந்து போடுகிறீர்கள். கட்டைக்கு ஒரு விரல் உயரத்தில் முன்கூட்டியே நிறுத்தி வைத்து, அங்கிருந்து இறக்குங்கள். நூல் சுற்றிய தலை கடினமாக இருந்தால் கொஞ்சம் மென்மையான ஜோடிக்கு மாறுங்கள்.