2020 செப்டம்பர் குளிரலை: அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதியில், மூன்று இடங்களில் நாங்கள் மூவர் கண்டவை

எஸ்டஸ் பார்க், கொலராடோ

2020 செப்டம்பர் 5ஆம் தேதி டென்வரில் வெப்பம் 101 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 38 டிகிரி செல்சியஸைத் தொட்டது. மூன்று நாள் கழித்து, 8ஆம் தேதி, அதே நகரில் பனி பெய்தது. அந்த வாரம் நாங்கள் டென்வருக்கு வடமேற்கே, ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் எஸ்டஸ் பார்க்கில் தங்கியிருந்தோம். அங்கே பனியைவிட எங்களை அப்போது அச்சுறுத்தியது கேமரன் பீக் காட்டுத்தீதான். புகையில் சூரியன் செம்பு நிறமாகத் தெரிந்தது. நிறுத்தியிருந்த கார்களின் மேல் சாம்பல் படிந்துகொண்டே இருந்தது.

7ஆம் தேதி தொழிலாளர் தின விடுமுறை. மாலையில் காற்று சட்டென்று வடக்கிலிருந்து திரும்பி, கதவுகளை அடித்துச் சாத்தும் வேகத்தில் வீசத் தொடங்கியது. கனடாவிலிருந்து இறங்கும் குளிர்காற்று அடர்த்தி மிகுந்தது என்பதால், அது சமவெளியில் தரையை ஒட்டியே தெற்கு நோக்கிப் பரவி, இருந்த வெப்பக் காற்றை மேலே தள்ளிவிட்டு, மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் வந்து முட்டுகிறது. முட்டிய காற்றுக்குச் சரிவின் மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. ஏற ஏற அது மேலும் குளிர்ந்து, தன்னிடமுள்ள ஈரத்தைப் பனியாக இறக்கிவிடுகிறது. இரவில் மழைத் தூறலாகத் தொடங்கியது விடிவதற்குள் முழுப் பனிப்பொழிவாக மாறியிருந்தது.

நான் சொல்ல விரும்புவது பனியின் அளவைப் பற்றியது அல்ல. ஜனவரியில் அதே அளவு பனி பெய்திருந்தால் அந்த ஊர் அதைப் பொருட்படுத்தியிருக்காது. செப்டம்பரிலோ மரங்களில் பச்சை இலை குறையாமல் இருந்தது. ஈரப்பனி ஒவ்வோர் இலையிலும் தங்கியதால் பாரம் தாங்காமல் கிளைகள் முறியும் ஓசையை அன்று காலை முழுவதும் கேட்டோம். மனிதர்களும் கோடைக்கோலத்தில்தான் இருந்தார்கள். முந்தைய மாலையில் மலைப்பாதையிலிருந்து இறங்கி வந்த இளம் தம்பதியர் இருவர், நனைந்த பருத்திச் சட்டையோடு பேச்சுக் குழற நடுங்கிக்கொண்டிருந்தார்கள். விடுதியை நடத்தும் மூதாட்டி அவர்களை உள்ளே அழைத்து, முதலில் ஈர உடையை மாற்றச் சொல்லி, கம்பளி போர்த்தி, அதன்பிறகே குடிக்கச் சூடாகக் கொடுத்தார். அந்த வரிசைதான் சரி. நனைந்த பருத்தி உடலின் சூட்டை உறிஞ்சிவிடும், காற்று வீசினால் அது பன்மடங்காகும். உறைநிலைக்கு மேலே வெப்பம் இருக்கும்போதே உடல் விறைத்துப்போக இது போதும். வானிலை மையம் வெயில் கொளுத்திய நாள்களிலேயே பனிப்புயல் எச்சரிக்கையை வெளியிட்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

தீ அணைந்துவிடும் என்று ஊரில் பலரும் நம்பினார்கள். பனி அதை அடக்கியது, அவ்வளவுதான். விழுந்த மரங்களுக்குள் கனன்றுகொண்டிருந்த நெருப்பு, வறண்ட காற்று திரும்பியதும் மீண்டும் எழுந்து, இறுதியில் 2 லட்சத்து 8 ஆயிரம் ஏக்கருக்கும் மேல் எரித்துத் தீர்த்தது.

சால்ட் லேக் சிட்டி, யூட்டா

அதே குளிர்காற்று எங்களுக்குப் பனியாக வரவில்லை. வாசாட்ச் மலைகளின் கிழக்கே தேங்கிய குளிர்காற்று, 8ஆம் தேதி காலையில் மலை முகட்டைத் தாண்டி மேற்குச் சரிவில் சூறாவளிக்கு நிகரான வேகத்தில் பாய்ந்திறங்கியது. பல பத்தாண்டு வயதுடைய பெருமரங்கள் வேரோடு சாய்ந்து வீடுகளின் மேல் கிடந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் நின்றது. எங்கள் தெருவில் சாய்ந்த மரங்கள் அனைத்தும் இலை நிறைந்தவை. இலையற்ற பருவமாக இருந்திருந்தால் காற்றுக்கு இவ்வளவு பிடி கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன்.

வடக்கு நியூ மெக்சிகோ

கோடைக்கோலம் மாறுமுன்பே குளிர் வந்து தாக்கியதைப் பற்றி மேலே இருவரும் எழுதியிருக்கிறார்கள். அதே பருவப் பொருத்தமின்மையை நான் பறவைகளிடம் கண்டேன். குளிர்காற்று இங்கே வந்து மலைகளில் பனி பெய்த மறுநாள், எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தின் மூலையில் ஊதா-பச்சைத் தகைவிலான்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்து ஒண்டியிருந்தன. அருகில் சென்றும் பறக்கவில்லை. தகைவிலான்கள் பறந்தபடியே பூச்சிகளைப் பிடித்துண்பவை. வெப்பம் ஒரே இரவில் வீழ்ந்தபோது பறக்கும் பூச்சிகளே இல்லாமற்போயின. தெற்கே வலசை புறப்பட்டிருந்த பறவைகளுக்கு அது இரண்டு நாள் பட்டினி.

அந்த மாதம் மாநிலமெங்கும் சிறு பறவைகள் பெருந்தொகையாக இறந்து கிடந்தன. காட்டுத்தீப் புகையே காரணம் என்று முதலில் பலர் பேசினார்கள். ஆனால் ஆகஸ்ட் இறுதியிலேயே தெற்கு நியூ மெக்சிகோவில் சில பறவைகள் இறந்து கிடந்ததைக் கண்டிருந்தார்கள். வறட்சியால் அவை முன்பே மெலிந்திருந்தன என்பதே என் எண்ணம். பிறகு தேசிய வனவிலங்கு நல மையம் உடல்களை ஆய்ந்தபோது, பெரும்பாலானவை கொழுப்புச் சேமிப்பு தீர்ந்து, மார்புத் தசை சுருங்கி, கடும் பட்டினியால் இறந்திருந்தன என்று தெரியவந்தது.