தவாங்கில் எல்லையைப் பார்க்கப் போய் உப்புக் கதை கேட்டு வந்தேன்

அருணாசலப் பிரதேசத்தில் சீன எல்லையை ஒட்டியிருக்கும் தவாங்குக்குப் போனவர்கள் சேலா கணவாய், பனி, 1962 போரின் ஜஸ்வந்த்கட் நினைவிடம் எல்லாவற்றையும் எழுதிவிட்டார்கள். நான் தங்கிய வீட்டு அம்மாவைப் பற்றி எழுதுகிறேன்.

2019 நவம்பரில் போனேன். அப்போது சேலா சுரங்கப்பாதை கிடையாது, 2024 மார்ச்சில்தான் திறந்தார்கள். குவாஹாத்தியிலிருந்து பொம்டிலா, திராங் வழியாக இரண்டு நாள் பயணம், 13,700 அடி கணவாயை ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். மேலே நின்று ஆசையாகப் படம் எடுத்ததற்கு ராத்திரி முழுக்க மண்டையிடி.

வீடு அந்தப் பகுதிப் பழங்குடியான மோன்பா குடும்பம் ஒன்றுடையது. மகன் தாயை 'ஆமா' என்று கூப்பிடுவார். நான் முதல் நாள் பூராவும் எதற்கோ தலையாட்டிக்கொண்டே இருக்கிறார் என்று நினைத்தேன்! அந்த அம்மாவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். அவர் கொடுத்த சுஜாவை (வெண்ணெயும் உப்பும் போட்ட டீ) டீ என்று நினைத்தால் குடிக்க முடியாது, உப்புக் கஞ்சி என்று நினைத்தால் நன்றாகவே இறங்கும்.

அந்த உப்பில்தான் பேச்சு தொடங்கியது. அவர் அப்பா காலத்தில் உப்பு வடக்கே திபெத்தில் இருக்கும் சோனாவிலிருந்து வருமாம், இங்கிருந்து அரிசியும் மிளகாயும் போகும். 1914இலேயே இந்தியாவுக்கும் திபெத்துக்கும் நடுவே எல்லையாக மக்மகோன் கோடு போட்டாகிவிட்டது என்றாலும் அது காகிதத்தோடு சரி. சோனாவிலிருந்து திபெத் அதிகாரிகள் வந்து வரி வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். 1951 பிப்ரவரியில் இந்திய அரசின் சார்பில் மணிப்பூர்க்காரரான மேஜர் பாப் காத்திங் அசாம் ரைபிள்ஸ் வீரர்களோடு வந்த பிறகுதான் அது நின்றது. வரி போனதில் அப்பாவுக்கு நிம்மதி, ஆனால் உப்பு வரத்து அப்போதும் நிற்கவில்லை என்றார்.

1959இல் தலாய் லாமா திபெத்திலிருந்து தப்பி வந்தபோது இந்த அம்மா தன் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தாராம். முகம் ஞாபகமில்லை, கூட்டத்தில் எல்லாரும் அழுததுதான் ஞாபகம். 1962 அக்டோபரில் சீனப் படை வந்ததும் ஊரே சேலா பக்கம் ஓடியது. இவருக்கு எட்டு வயது, அம்மா செம்புப் பானையைத் தூக்கிக்கொண்டார், இவர் தம்பியைத் தூக்கிக்கொண்டார். அசாம் சமவெளிக்கு நடந்தே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். மகன் இந்தியில் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன், பானை வந்த இடத்தில் அவர் எழுந்து போய் அதையே எடுத்து வந்து காட்டினார். திரும்பி வந்தபோது வீடு இருந்தது, சோனா வழிதான் இல்லை. அப்பா அப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை.

மறுநாள் தவாங் புத்த மடத்துக்குப் போனேன். 1680களில் மேராக் லாமா கட்டியது, மலை முகட்டில் கோட்டை மாதிரி நிற்கிறது. எனக்கு அதைவிட ஊருக்குக் கீழே இருக்கும் ஊர்கெல்லிங் பிடித்தது. 1683இல் ஆறாவது தலாய் லாமா பிறந்த இடம், ஆனாலும் சின்ன மடம், நான் போன நேரத்தில் ஆளே இல்லை. போகிறவர்கள் அதை விட்டுவிடாதீர்கள், அவசரப்படாமல் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது அந்த அம்மா எனக்கு எந்த ஊர் என்று கேட்டார். தூத்துக்குடி, உப்பு விளைகிற ஊர் என்றேன். கடல் தண்ணீரைப் பாத்தி கட்டிக் காயவிடுவோம் என்றதை மகனிடம் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பாக்கெட் உப்பு சுஜாவுக்குச் சரிப்படவில்லையாம், அடுத்த தடவை வரும்போது கல் உப்பு ஒரு கிலோ கொண்டுவரச் சொன்னார். இன்னும் போகவில்லை.